மருதடியில் ஒரு ராத்திரி

திருகோணமலை
மாசி மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. அங்கே பனி முழங்கால் மட்டும் என்று எழுதியிருந்தாய். இங்கே வாடை தணிந்துவிட்டது. விடியப்புறம் மட்டும் ஒரு போர்வை வேண்டிக் கிடக்கு. அம்மா சுகம். மூத்தவள் ஏ.எல். சோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சரி, விசயத்துக்கு வாறன்.

போன கிழமை காட்டில் தனியே ஒரு ராத்திரி படுத்தேன். சிரிக்காதே. மனிசி சிரிக்கவில்லை, ஏசினாள்.

மூதூருக்குத் தெற்கே, காடு வெட்டிப் பயிர்செய்கிற சேனைகள் முடிகிற இடத்தில் ஒரு சிற்றாறு. போற வழியில் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காவல் கிடந்தோமே, 2009இல் அங்கே பாலம் திறந்துவிட்டார்கள், 396 மீற்றர். மோட்டார்சைக்கிளில் கண்மூடித் திறக்க முன் அக்கரை. இடம் காட்டியவர் ஒரு சேனைக்காரர். காட்டியதைவிட வெருட்டியதுதான் கூட. யானை லத்தி ஒன்றைக் காலால் புரட்டி, "உள்ளுக்கும் ஈரமில்லை, பழசு. படுக்கலாம் தம்பி" என்றார். எனக்கு ஐம்பதாகப் போகுது. தம்பி என்றது நல்லாத்தான் இருந்தது. தண்ணிக்கு இறங்குற யானைத் தடத்தை விட்டு விலத்தி, மேட்டில் மருதமரத்தோடு படங்கைக் கட்டினேன்.

மாரி வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்து கிடக்கு. மருதவேருக்குள்ளே மீன்குஞ்சுகள் நுழைந்து நுழைந்து வருவது மேலிருந்தே தெரியுது. ஆனாலும் மேலே எங்கேயோ மாடு இறங்கும்தானே. கரை மணலில் முழங்கை ஆழத்துக்குப் பூவல் தோண்டினேன். முதலில் ஊறினது சேறு. இறைத்து ஊற்றினேன். இரண்டாவது பால்போல. மூன்றாவதில் அடிமணலை எண்ணலாம். அதையும் கொதிக்க வைத்துத்தான் தேத்தண்ணி போட்டேன். மூன்றுதரம் இறைக்கச் சொல்லிப் பழக்கியது உன் அம்மம்மா, ஞாபகம் இருக்கா?

பொழுதுபட விறகை அடுக்கிவிட்டு நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், மூட்டாமல். நுளம்பு பிடுங்குது. ஏன் மூட்டவில்லை என்று எனக்கே விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. 90இல் சண்டைக்குப் பயந்து காட்டுக்குள் கிடந்தபோது, பொழுதுபட்டால் அம்மம்மா அடுப்பை மண் போட்டு மூடிவிடுவா. ஹெலி வெளிச்சத்தைக் கண்டிடும் என்று. வேகாத மரவள்ளியைத் தின்று உனக்கு வயிற்றால் போனதும் அப்போதுதான். இத்தனை வருசத்துக்குப் பிறகும் கை அதற்குப் பயந்துகொண்டு இருக்கு, பார். பிறகு மூட்டினேன். தேவைக்கு மேலே, ஆளுயரத்துக்கு.

நடுச்சாமத்தில் அக்கரையில் கொப்பு முறிகிற சத்தம். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, கிட்ட. எழும்பின அவதியில் டோர்ச்சை ஆற்றுக்குள் விட்டேன். கோணேசர் பதிகத்தில் எனக்கு இரண்டு வரிதான் பாடம்; அதையே விடியமட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். விடிந்து பார்த்தால் அக்கரை மணலில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குத் தடங்கள். தண்ணி குடித்துவிட்டுத் தன்பாட்டில் போயிருக்கு.

நீ வழமைபோல ஆடியில் வராதே. ஆறு வற்றி, கச்சான் காற்று புழுதியைத்தான் அள்ளி எறியும். மாசியில் லீவு எடு. நெற்றியில் கட்டுகிற டோர்ச் இரண்டு கொண்டுவா, மற்றது எனக்கு. மரவள்ளி நான் அவிக்கிறேன், இந்தமுறை வேகும்.

உன்,
மச்சான்