சீகையை வெட்டியதோடு வேலை முடியவில்லை

நீலகிரியில் சீகை மரங்களை அகற்றும் பொறுப்பில் உள்ள வன அலுவலர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோப்புகளில் வாட்டில் என்று இருப்பதுதான் எங்களுக்குச் சீகை. சமவெளியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "தலைக்குத் தேய்க்கிற சீயக்காயா?" என்று கேட்பார்கள். அது முள்ளோடு படரும் கொடி, நம்ம ஊர்ச் செடி. இது ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1830களிலிருந்து வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் பட்டைக்காகப் புல்வெளிகளில் நாமே ஏக்கர் ஏக்கராக நட்டோம். இதில் ஒரு வகையான கறுப்புச் சீகையின் காய்ந்த பட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின்தான், தோலைப் பதப்படுத்துகிற துவர்ப்புச் சத்து. ஆவாரம்பட்டையை வைத்துத் தோல் பதனிட்டவர்கள் இதற்கு மாறியதில் ஆச்சரியமில்லை.

மரத்தைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அடுப்பு எரிந்தது இந்த விறகில்தான். எழுத வைத்தது, வெட்டிய பிறகு நடக்கிற கதை.

எங்கள் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, மேலே ஒரு சரிவு. போன வருஷம் மார்ச்சில் ஓர் ஒப்பந்தக்காரர் அங்கிருந்த சீகையை மொத்தமாக வெட்டினார். லாரி லாரியாகத் தடி போனது. மழை வந்தால் புல் வரும் என்று காத்திருந்தோம். வந்தது சீகை. ஒரு முழச் சதுரத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணினேன்: அறுபத்தேழு கன்று. இறகு மாதிரி இலை, பார்க்க அழகுதான். ஒன்றைப் பிடுங்கினால் வேரில் பொடிப்பொடியாக முடிச்சுகள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற முடிச்சுகள் அவை. சத்தில்லாத மண்ணிலும் அது மதமதவென்று வளர்வது அதனால்தான்.

விதை மிளகைவிடச் சிறியது, கறுப்பு, ஓடு கெட்டி. நாற்றுப் போடுகிறவர்கள் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி ஊறவைத்துத்தான் விதைப்பார்கள். இல்லாவிட்டால் லேசில் முளைக்காது, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட விடுவதும், கிளைகளைக் குவித்துத் தீ வைப்பதும் நாமே வெந்நீர் ஊற்றுகிற வேலைதான். இன்னொரு வகையான வெள்ளிச் சீகை இன்னும் பொல்லாதது. வெட்டிய அடியிலும் துளிர்க்கும், வேர் ஓடிய இடத்திலெல்லாம் கிளம்பும்.

ஆகவே வெட்டிய மரத்தை அளந்து கோப்பை மூடாதீர்கள். குறைந்தது ஐந்து வருஷம் கன்று பிடுங்குவதற்கான கூலியையும் மதிப்பீட்டில் சேருங்கள். முதல் மழையில் இரண்டு விரலால் பிடுங்கலாம். அடுத்த வருஷம் மண்வெட்டி வேண்டும், அதற்கடுத்த வருஷம் கோடாலி. செலவு எப்போது குறைவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூலி பக்கத்து ஹட்டிகளுக்கும் பழங்குடிகளான தோடர்களின் ஊர்களாகிய மந்துகளுக்கும் போகட்டும். கோயில் கூரை வேய எந்தப் புல் எங்கே கிடைக்கும் என்று தோடர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? பிடுங்கிய இடத்தில் அந்தந்த இடத்துக்கு உரிய புல்லையே நட அவர்களைக் கேளுங்கள். வரையாட்டுக்கென்று அரசு தனித் திட்டமே போட்டிருக்கிறது. அது மேய்வதும் இந்த மலைப் புல்வெளிகளில்தான்.

இன்னொன்று. எல்லாத் தோப்பையும் ஒரே மாதிரி மொட்டையடிக்க வேண்டாம். கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் இந்த மலைகளின் சொந்தக் காடான சோலையின் மரக்கன்றுகள் தாமாகவே வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படி இருக்கிற இடங்களைக் கொஞ்ச காலம் விட்டுப்பிடிக்கலாம். புதிதாகப் புல்வெளிக்குள் நுழைகிற இளங்கன்றுகள்தான் அவசரம். சுள்ளி பொறுக்க வரும் பெண்களையும் விரட்டாதீர்கள். வெட்டிப் போட்ட கிளைகள் காட்டில் காய்ந்து கிடந்தால் தீக்குத்தான் இரை.

எங்கள் சரிவில் கன்றுகள் முழங்காலைத் தாண்டிவிட்டன. மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்க ஹட்டியில் பத்துப் பேர் தயார். காப்புக்காடு என்பதால் உங்கள் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியவில்லை. அந்த ஒரு கடிதத்தைச் சீக்கிரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
குந்தா பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவன்