தண்டுவட அழுத்தத்தை அவசர சிகிச்சைப் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மா மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் நடு முதுகில் வலி வந்தது, படுத்தால் கூடும், ராத்திரி தூங்க விடாது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு தேய்மானம் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கால் மரத்து நடை தள்ளாடியபோது மறுபடி போனோம், எம்.ஆர்.ஐ.க்கு அடுத்த வாரம் தேதி போட்டார்கள். அந்தத் தேதி வருவதற்குள் சிறுநீர் அடைத்துக்கொண்டது, இரண்டு காலும் விழுந்துவிட்டன.

தனி ஒரு டாக்டரை நான் குறை சொல்லவில்லை. தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை, இப்படி நெரிபடுவதை அவசரமாகப் பார்க்கும் ஏற்பாடே அங்கே இல்லை.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவி தண்டுவடத்தை நெரிக்கும், தண்டுவடத்திலேயே கட்டி வளர்ந்தும் இது வரலாம். ரத்த ஓட்டம் குறைந்து, வீங்கி, சிலருக்கு ஒரே நாளில் கால் போய்விடும். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள், நடை முழுக்கப் போன பிறகு வருபவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் அது திரும்புகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் இந்த அறிகுறிகளோடு வருபவருக்கு 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது.

நம் மாநிலத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் தனி வழிமுறை இருக்கிறது, அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. அதே திட்டத்தில் இதையும் சேருங்கள். புற்றுநோய் வந்தவர் முதுகுவலியோடு கால் பலவீனம், மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு என்று வந்தால் உடனே பார்க்க வேண்டியவர்களுக்கான சிவப்புப் பிரிவில் வைத்து அன்றே முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பவே கூடாது. ஸ்கேன் வசதி இல்லாத ஊரில், தகுந்தவருக்கு டாக்டர் வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசி போட்டு, முதுகை அசைக்காமல் 108-ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பட்டும். அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவும் கதிர்வீச்சுப் பிரிவும் ஒரே நாளில் சேர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும், காப்பீட்டு ஒப்புதலுக்காக நோயாளி காத்துக் கிடக்கக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லிக் கொடுங்கள். படுத்தால் கூடும் முதுகுவலியை முதலில் கேள்விப்படப் போவது அவர்கள்தான்.

எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்