கரண்டி பிடித்தவன்

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மா சித்தி வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிறது. குக்கரின் கேஸ்கட் இற்றுவிட்டதால், நேற்று கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்திலேயே அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கடலைகள் ஒவ்வொன்றாக மேலே துள்ளி வந்தன. கரண்டியால் தட்டினால் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும். பாரசீக சூஃபிக் கவி ரூமியின் மஸ்னவி என்கிற நெடும் கவிதையில், மூன்றாம் புத்தகத்தில் வரும் கடலை இதேதான்.

அந்தக் கடலைக்கு வாய் உண்டு. விலை கொடுத்து வாங்கிவிட்டு எதற்காக என்னை நெருப்பில் போட்டு வதைக்கிறாய் என்று கேட்கிறது. சமைக்கிற பெண் கரண்டியால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். உன்மேல் எனக்கு வெறுப்பில்லை, நீ ருசி ஏறி உயிரோடு கலக்க வேண்டாமா என்கிறாள்.

போன மாதம் போனில் கேட்டாயே, 'நான்' கரைந்துவிட்டால் சந்தோஷப்பட யார் மிச்சம் என்று? அன்றைக்கு ஃபனா (தான் கரைந்துபோவது), நஃப்ஸ் (தான் என்கிற மனம்) என்று சூஃபிகளின் பெரிய வார்த்தைகளைப் போட்டு மழுப்பிவிட்டேன். கடலை கடைசியில் என்ன சொல்கிறது தெரியுமா? இன்னும் நன்றாகக் கொதிக்க வை, நீ அடிப்பது இனிக்கிறது என்கிறது. புகார் போய்விட்டது, இனிக்கிறது என்று சொல்ல ஆள் இருக்கிறது. அதோடு விடவில்லை. நான் யானை மாதிரி, தலையில் அடி, இல்லாவிட்டால் இந்துஸ்தானைக் கனவு காணத் தொடங்கிவிடுவேன் என்கிறது. 13-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கொன்யாவில் இருந்த மனிதருக்கு நம் பக்கத்து யானையின் ஊர் நினைப்பு தெரிந்திருக்கிறது பார்! 1273 டிசம்பர் 17 அன்று அவர் இறந்தார். அந்த இரவை, அவர் இறைவனோடு கலந்த திருமண இரவு என்றுதான் அவர் வழி வந்தவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் இந்தக் கதையைக் கரண்டி பிடித்தவனாகவே படித்துவந்திருக்கிறேன். நீ வேலையை விட்டபோது நான் பேசிய பேச்செல்லாம் அந்தத் தெம்பில் வந்ததுதான். ஆனால் அந்தப் பெண், தானும் ஒரு காலத்தில் மண்ணாகக் கிடந்தவள், உடல் என்கிற பானையில் கொதித்து வந்தவள் என்று கடலையிடம் சொல்கிறாள். நேற்று கரண்டியும் கையுமாக நின்றபோதுதான் அந்த வரிகள் கண்ணில் பட்டன. எத்தனை முறை அவசரமாகப் புரட்டியிருப்பேனோ.

கடலை சரியாக வேகவில்லை. மூன்று மணி நேரம்தான் ஊறவைத்திருந்தேன். கடுகு, மிளகாய் தாளித்து, கடுக்முடுக்கென்று தின்று தீர்த்துவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா