பழைய குழியைக் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள்

ஒன்றியச் சுரங்க அமைச்சகத்துக்கும், கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) தாது தேட வரும் நிலவியலாளர்களுக்கும், அங்குள்ள சாம்பியன் ரீஃப் பகுதியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து இரண்டு இளைஞர்கள் வெளியே வந்தார்கள். தோளில் பை, கையில் சுத்தியல், கழுத்தில் ஜிபிஎஸ் கருவி. கல் பார்க்க வந்த பிள்ளைகள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அவர்களில் ஒருவர் நின்றிருந்த இடத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "தம்பி, அப்படியே பின்னால வா. மெதுவா" என்றேன்.

அவர் காலுக்குக் கீழே இருந்தது ஒரு பழைய ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழியின் வாய். குறுக்கே போட்ட மரக்கட்டைகள் மட்கி, மேலே மண் சேர்ந்து, அதில் புல்லும் முளைத்துவிட்டது. ஆடு மேய்க்கிற பையன்கூட அந்தப் பக்கம் போகமாட்டான். அவர்கள் கையிலிருந்த வரைபடத்தில் அது இல்லை.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தேடாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இங்கே வேலையை நிறுத்தியபோது ஓர் அவுன்ஸ் தங்கம் 270 டாலர் அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் அது 4000 டாலரைத் தாண்டியது. ஒரு டன் கல்லில் மூன்று கிராம்கூடத் தேறவில்லை, கட்டுப்படியாகாது என்று சொல்லி மூடினார்கள். இன்றைய விலையில் அந்தக் கணக்கு வேறு. கூரையைத் தாங்க வெட்டாமல் விட்ட தூண்கள், பழைய காலத்தில் தரம் போதாது என்று ஒதுக்கிய ஓரங்கள், முக்கிய ரீஃபுக்கு (தங்கம் ஓடும் பாறை நரம்புக்கு) பக்கத்தில் இணையாக ஓடும் சின்ன இழைகள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கத்தான் தோன்றும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் பார்ப்பேன். 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, ஆழத்தில் கிடக்கும் தங்கம் போன்றவற்றுக்கென்றே தனித் தேடல் உரிமம் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆகவே வருவீர்கள். வாருங்கள். வருவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இந்த ஊரில் தங்கம் தேடியவர்கள் யாருமே வெறும் மண்ணில் ஆரம்பிக்கவில்லை. 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் மைசூர் எல்லையை அளக்க வந்தவர். இங்கே பொன் கிடைக்கிறது என்று காதில் விழுந்ததும், காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். மாரிக்குப்பத்தில் அவர் பார்த்தது ஏற்கெனவே தோண்டிய குழிகள். முப்பது நாற்பது அடி ஆழத்தில் பறையர் சாதி ஆண்கள் இறங்கி, கல்லை உடைத்துக் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் இடித்துக் கழுவிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரன் இதை எழுதி வைத்தார். எழுபது வருஷம் கழித்து அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, பெங்களூரிலிருந்து லவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய் வந்தார். அவரும் பழைய குழிகளைத்தான் முதலில் சுற்றிப் பார்த்தார்.

அப்புறம் வந்த கம்பெனிகள் என்ன செய்தன? ஆளுக்கொரு இடத்தில் தோண்டிப் பணத்தைக் கரைத்தன. மைசூர் கம்பெனி 1880களில் கையிருப்பு பெரும்பாலும் தீர்ந்து, மூடிவிடலாமா என்று லண்டனில் பங்குதாரர்கள் பேசும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன், முன்னோர் தோண்டி விட்டுப்போன குழிகளுக்கு அடியிலேயே இறங்கிப் பார்த்தார். சாம்பியன் ரீஃப் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது: சுமார் 120 ஆண்டு, 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம், ஏறக்குறைய 800 டன் தங்கம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இந்த ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். வீட்டு விளக்குக்காக அல்ல, சுரங்கத்துக்காக. அத்தனைக்கும் ஆரம்பம், பெயர் தெரியாத யாரோ பாறையைத் தீமூட்டிச் சுடவைத்து, தண்ணீர் ஊற்றி விரிசல் விடவைத்து, உளியால் பெயர்த்த பள்ளம்.

அந்தப் பள்ளங்களை இங்கிலீஷ் சுரங்கக்காரர்கள் 'பழைய மனிதர்களின் வேலை' என்பார்கள். உங்களுக்கும் தெரிந்த சொல்தான். இப்போது உங்கள் கணக்கில் நாங்கள்தான் அந்தப் பழைய மனிதர்கள். ஒரே வித்தியாசம், எங்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறோம், காது கேட்கிறது, கேட்டால் பதில் சொல்வோம்.

என் அப்பா 28 வருஷம் சுரங்கத்துக்குள் டிம்பர் வேலை, அதாவது கூரைக்கு மரக்கட்டை முட்டுக்கொடுக்கும் வேலை செய்தவர். வட ஆற்காட்டிலிருந்து தாத்தா காலத்திலேயே வந்து சேர்ந்த குடும்பம். இந்த லைன்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். கூரை எங்கே கனக்கிறது என்று கட்டையைத் தட்டிப் பார்த்து அப்பா சொல்லிவிடுவார். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிப்பதை அவர் தலைமுறை 'ஏர் பிளாஸ்ட்' என்றுதான் சொல்லும். எந்த லெவலில் (ஆழத்துத் தளத்தில்), எந்தப் பக்கம் அது அடிக்கடி வந்தது, எந்த ஸ்டோப்பை (தாது வெட்டி எடுத்த வெற்றிடத்தை) நிரப்பாமல் விட்டுவிட்டு வந்தார்கள், எங்கே கல்லில் பொன் கண்ணுக்கே தெரிந்தும் கூரைக்குப் பயந்து தொடாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அவர் வாயில் கதையாக வரும். சாப்பாட்டு நேரக் கதை என்று நாங்கள் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவோம். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பொன் கண்ணுக்குத் தெரிந்த அந்த இடம் எந்த லெவல் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவு வரவில்லை.

எல்லாம் பிளானில் இருக்குமே என்பீர்கள். ஒரு சுரங்கத்தைக் கைவிடும்போது அதன் வரைபடங்களைச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருப்பது எனக்கும் தெரியும். அந்த வரைபடங்களை நான் குறைசொல்லவில்லை. தங்கவயல் சர்வேயர்கள் போட்ட கோடு மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் பிளான் காட்டுவது தோண்டிய அன்று இருந்த நிலையை. அதற்குப் பிறகு எது இடிந்தது, எது நிரம்பியது, மூடிய பிறகு இரும்புக்காக எதை வெட்டி எடுத்துப் போனார்கள் என்பது அதில் இராது. 1880க்கு முந்திய குழிகளோ எந்தப் பிளானிலும் முழுமையாக ஏறவில்லை. அன்று அந்தத் தம்பி நின்ற இடம் மாதிரி இன்னும் எத்தனை உண்டோ.

தண்ணீர் இன்னும் பெரிய விஷயம். பம்புகளை நிறுத்திய நாளிலிருந்து சுரங்கம் நிரம்பிக்கொண்டே வந்திருக்கிறது. நந்திதுர்க், ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று பெயர்தான் தனித்தனி. கீழே ஒன்றுக்கொன்று வழி உண்டு. ஓரிடத்தில் நீங்கள் துளை போட்டால் தண்ணீர் எங்கே அசையும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? 1975 டிசம்பர் 27ஆம் தேதி சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், கைவிட்ட பழைய வேலையில் தேங்கிக் கிடந்த நீர் உடைத்துக்கொண்டு வந்து 375 பேரைக் கொண்டுபோனது. 2018இல் மேகாலயாவின் எலிவளைச் சுரங்கத்தில் சிக்கிய பதினைந்து பேரும் வெள்ளத்தில்தான் போனார்கள். அது நிலக்கரி, இது தங்கம் என்று சொல்லலாம்; தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பாறை இன்னும் அடங்கவில்லை. சுரங்கம் மூடிய பிறகும், பெரிய மழைக்குப் பின் ராத்திரியில் பாத்திரம் கிலுகிலுத்து எழுந்த நாள்கள் எங்களுக்கு உண்டு.

சரி, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மேடுகளுக்கு இனி வருகிறேன். ஆழத்தைவிட உங்கள் கண் முதலில் விழுந்திருப்பது அங்கேதான். 13 சயனைடு மேடுகள், சுமார் 1000 ஏக்கர், 3.3 கோடி டன் அரைத்த மண். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இவற்றை ஏலம் விடச் சம்மதித்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது சினிமாவில் பார்த்த இடம், செல்ஃபி எடுக்க வருகிறார்கள். எங்களுக்கு இது ஆடி மாதக் காற்று. துணி காயப்போட முடியாது, சோற்றில் மணல் கடிபடும். சயனைடு என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. அது வெயிலில் காற்றில் பெரும்பாலும் சிதைந்து போய்விடும் என்று உங்களைப்போல் படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் பயப்படுவது பொடியாக அரைத்த படிகக்கல்லுக்கு. 1940களில் இங்கே தொழிலாளர்களின் நெஞ்சைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல், கல்தூள் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோய் இருந்தது. அந்தக் கல்லின் தூள்தான் இன்று மேடாக நிற்கிறது. இத்தனை வருஷத்தில் மேலே ஓர் ஓடு மாதிரி இறுகி, அங்கங்கே புல்லும் பிடித்திருக்கிறது. நீங்கள் மாதிரி எடுக்கவும், பிறகு மேட்டைக் கரைக்கவும் வரும்போது அந்த ஓட்டைத்தான் முதலில் உடைப்பீர்கள்.

என் கேள்வி எளிமையானது. ஒரு டன்னில் ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம். அதையும், இருக்கிற கொஞ்சம் டங்ஸ்டன் கனிமத்தையும் எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 3.3 கோடி டன் மேடு அதற்கப்புறம் எத்தனை டன்? அதே 3.3 கோடி டன்தான். ஈரமாக, புதிதாக, மறுபடி சயனைடு பட்ட மண்ணாக. அதை எங்கே கொட்டுவீர்கள்? ஏலம் பற்றி வந்த செய்திகளில் தங்கத்தின் மதிப்பு கோடிகளில் வருகிறது, இந்தக் கேள்விக்குப் பதில் என் கண்ணில் படவில்லை. பழைய வெற்றிடங்களுக்குள்ளேயே திருப்பி நிரப்ப முடியும் என்றால், அதைவிட நல்ல செய்தி எங்களுக்கு இல்லை. அதற்கும் எந்த ஸ்டோப் திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வருகிறேன், மன்னியுங்கள்.

இங்கே உங்களுக்கு முன்னாலேயே தேடிக்கொண்டிருப்பவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. தாது அரைத்த மில் இருந்த இடத்து மண்ணை அரிப்பவர்கள், இரும்புக்காகவும் தாதுக்கல்லுக்காகவும் ராத்திரியில் கயிறு கட்டி இறங்குபவர்கள். 2020 மே மாதம் ஊரடங்கு சமயத்தில் மாரிக்குப்பம் பக்கத்தில் அப்படி இறங்கிய மூன்று பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். திருட்டு என்று செய்தி வந்தது. சட்டப்படி திருட்டுதான். ஆனால் சுரங்கம் மூடியபின் இந்த ஊரில் மிஞ்சிய வேலை எது? விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் செக்யூரிட்டியாகவும் கட்டட வேலையாளாகவும் நின்று, ராத்திரி பத்து மணிக்குத் திரும்புவது. நானும் 21 வருஷம் அப்படிப் போய் வந்தவன். அது முடியாதவன் கயிறு கட்டுகிறான். காவலாளி போட்டு அவனைத் துரத்துவதைவிட, நீங்கள் மண், கல் மாதிரிகள் சேகரிக்கும் வேலையில் அவனையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த வாய் திறந்திருக்கிறது, எதற்குள் காற்று கெட்டிருக்கிறது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. இதைச் சொன்னால் என் வீட்டிலேயே முறைக்கிறார்கள், இருக்கட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் துளைக்கு முன்னால் ஊர் முழுக்க நடந்து ஷாஃப்ட் வாய்களையும் முன்னோர் குழிகளையும் எண்ணிக் கம்பி வேலி போடுங்கள். கனிமத் தேடலுக்கென்று இருக்கும் தேசிய அறக்கட்டளைப் பணத்தில் இதற்கு ஒரு சிறு துண்டு போதும். பழைய பிளான்களைப் பிரதி எடுத்து, சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் முன்னால் விரித்து வையுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலோ தெலுங்கிலோ அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்து அந்தப் பிளான்மேல் குறியுங்கள். மேட்டில் கை வைப்பதற்கு முன், கழித்த மண் எங்கே போகும் என்று எங்கள் லைன்களில் வந்து சொல்லுங்கள். ஏலத்தாளில் எழுதினால் மட்டும் போதாது. ஏலத்தாளை நாங்கள் படிப்பதில்லை, அது எங்கள் மொழியிலும் இல்லை.

மூடியபோது வேலையில் இருந்தவர்களில் இளையவருக்கே இன்று ஐம்பது தாண்டிவிட்டது. ஆழத்தில் வேலை செய்த மேஸ்திரிகள் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லைன் முனையிலுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கிஃபோர்ட் ஷாஃப்டில் கேஜ் (ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு) ஓட்டியவர். அரைத் துண்டு சாக்பீஸ் கொடுத்தால் அறுபதாவது லெவல் வரை திண்ணையிலேயே வரைந்து காட்டுவார். காலை ஒன்பது மணிக்கு முன் வந்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் ஏறினால் இருமல் வந்து எழுந்து போய்விடுவார்.

இப்படிக்கு,
சாம்பியன் ரீஃப் லைன்வாசி ஒருவன்