நந்தினிக்கு, 2025 ட்ராஃப்டுக்கு முன்

அன்புள்ள நந்தினி,

உன் ஃபேன்டசி ஃபுட்பால் அணி விவரம் பார்த்தேன் (அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL வீரர்களை ட்ராஃப்டில் முறைவைத்துத் தேர்ந்தெடுத்து, அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்குப் புள்ளி வாங்கும் விளையாட்டு). பன்னிரண்டு அணி லீக், பத்தாவது இடத்தில் தேர்வு, கீப்பர் (ஒரு ரவுண்டின் தேர்வை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் வீரர்) இரண்டு பேர்: ஆறாவது ரவுண்டுக்கு ப்ராக் பவர்ஸ், பத்தாவதுக்கு பக்கி இர்விங். கையிருப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டாய்: பிடித்த பந்துக்கு எவ்வளவு புள்ளி?

2024-இல் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ் 127 பந்து பிடித்து 1,708 யார்டு, 17 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) சாக்வான் பார்க்லி ஓடியும் பிடித்தும் 2,283 யார்டு, 15 டச்டவுன். பிடித்தது 33 மட்டும். 10 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6 என்று போட்டுப் பார். பிடிப்புக்குப் புள்ளி இல்லையென்றால் பார்க்லி 318, சேஸ் 273. அரைப் புள்ளி என்றால் 335, 336. முழுப் புள்ளி என்றால் சேஸ் 400, பார்க்லி 351. விதி தெரியாமல் எந்தத் தரவரிசையையும் கையில் எடுக்காதே, மா.

அடுத்தது, அணிக்கு இரண்டு கீப்பர் என்று உன் லீக்கில் மொத்தம் 24 பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அந்தப் பெயர்களைப் பட்டியலில் அடித்துவிட்டு மிச்சத்தை முதலிலிருந்து எண்ணு. கீப்பராக வைத்திருப்பது பெரும்பாலும் மலிவாகக் கிடைத்த நல்ல ஆட்கள்தான். ஆகவே பத்தாவதாக வரும் உன் முதல் தேர்வில் வழக்கமான லீக்கில் இருபதுக்குப் பக்கத்தில் போகிறவர்தான் கிடைப்பார். இதைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் முதல் ரவுண்டிலேயே பதறுவார்கள்.

பாம்பு வரிசையில் (ஒரு ரவுண்டு 1-லிருந்து 12 வரை, அடுத்தது 12-லிருந்து 1-க்குத் திரும்பும்) உன் முறைகள் 10, 15, 34, 39, 58. ஆறாவது ரவுண்டின் 63 பவர்ஸுக்குப் போய்விட்டது. அப்புறம் 82 வரை நீ சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உன் திட்டத்தில் இடிக்கிற இடம் இதுதான். டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் நிற்பவர்) இடத்தில் ஆடும் பவர்ஸ் அறிமுக ஆண்டிலேயே 112 பந்து, 1,194 யார்டு எடுத்தவர். டைட் எண்ட் பக்கம் இனித் திரும்பவே வேண்டாம். அதனால் அந்த ஐந்து தேர்வில் மூன்று ரிசீவர், இரண்டு ரன்னிங் பேக் எடு. 10, 15 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் ஒன்று ரிசீவர், ஒன்று ரன்னிங் பேக் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே தரத்தில் ரிசீவர் ஆறு பேரும் ரன்னிங் பேக் ஒருவரும் மிச்சமிருந்தால் முதலில் அந்த ஒருவரை எடு. ரிசீவர் 15-இலும் இருப்பார்.

58-இல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) எடுக்க ஆசை வரும். எடுக்காதே. பன்னிரண்டு அணிக்கும் தலா ஒருவர் போதும். எறிந்த டச்டவுனுக்கு 4 புள்ளி என்றால் ஆறாவது ஆளுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் பெரிய தூரம் இருக்காது. 82-இல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு குவார்ட்டர்பேக் ஆடுகிற லீக் என்றால் மட்டும் இது தலைகீழ்.

இர்விங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2024-இல் 1,122 யார்டு ஓடியபோதும் அவருடைய டம்பா பே அணியில் இன்னொரு ரன்னிங் பேக்கான ரஷாட் வைட் பாதி வேலையைப் பங்குபோட்டார். இர்விங்குக்கு அடிபட்டால் வேலை மொத்தமும் வைட்டிடம் போகும். பதினோராவது, பன்னிரண்டாவது ரவுண்டில் வைட் இருந்தால் பெஞ்சுக்கு எடுத்துவை.

ட்ராஃப்ட் 24-ஆம் தேதி என்று போட்டிருக்கிறாய். NFL அணிகள் 53 பேராகக் குறைப்பது ஆகஸ்ட் 26. முடிந்தால் 30-ஆம் தேதி சனிக்கிழமைக்குத் தள்ளச் சொல். சீசன் செப்டம்பர் 4-இல்தான் தொடங்குகிறது. உடல் தேறாதவர் பட்டியலில் அந்த ஆட்குறைப்பு நாளில் நிற்கிறவர் குறைந்தது முதல் நான்கு ஆட்டம் வரமாட்டார். அது தெரியாமல் ஐந்தாவது ரவுண்டை அவருக்குக் கொடுத்துவிட்டு அக்டோபர் வரை காத்திருப்பவர்கள் எல்லா லீக்கிலும் உண்டு. தேதி மாறாவிட்டால் காயச் செய்தி உள்ள ஆளை ஒன்பதாவது ரவுண்டுக்கு முன் தொடாதே.

கிக்கர் (பந்தை உதைப்பவர்), டிஃபென்ஸ் (ஒரு NFL அணியின் தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமும் ஒரே தேர்வாக) இரண்டும் கடைசி இரண்டு ரவுண்டில். டிஃபென்ஸுக்குப் பெயரைப் பார்க்காமல் முதல் வாரம் யாருடன் மோதுகிறது என்று பார். சரிவரவில்லையென்றால் இரண்டாவது வாரம் வேவரில் (யாரும் எடுக்காமல் மிச்சமிருப்பவற்றில்) மாற்றிவிடலாம்.

அன்புடன்,
அப்பா