சுவரை உயர்த்தும் முன் வடிகால் வாயை மூடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து ஒரே கோரிக்கைதான் எழும்: கரையில் தடுப்புச் சுவர் கட்டுங்கள், கட்டிய சுவரை இன்னும் உயர்த்துங்கள். நியாயமான கோரிக்கைதான். 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் மணப்பாக்கத்திலும் தரைத்தளம் மூழ்கக் கண்டவர்களிடம் போய் சுவர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சுவர் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன், அந்தச் சுவரில் எத்தனை ஓட்டை என்று கேட்டாக வேண்டும். தெருவில் விழும் மழைநீரை ஆற்றில் விடுவதற்காக நாமே வைத்த வடிகால் வாய்களைத்தான் ஓட்டை என்கிறோம். வெள்ளம் சுவரைத் தாண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே இந்த வாய்கள் வழியாகத் தெருவுக்குள் வந்து நின்றுவிடும்.

கணக்குக்காக ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தெருவின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 20 அடி. வடிகால் ஆற்றில் விழும் வாய் 14 அடியில். சுவரின் உச்சி 26 அடி. ஆறு 22 அடிக்கு ஏறுகிறது. சுவரில் இன்னும் 4 அடி காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் வடிகாலுக்குள் தண்ணீர் பின்னோக்கி ஏறி, தெருவோரச் சல்லடை மூடிகள் வழியே பொங்கி, தெருவில் 2 அடி நின்றுவிடும். தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும், அவ்வளவுதான். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சுவர் அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மாற்று புதிதல்ல. வடிகாலின் ஆற்றுப்பக்க வாயில் மேலே கீல் வைத்துத் தொங்கவிடும் இரும்புத் தட்டு. ஃப்ளாப் ஷட்டர் என்பார்கள். உள்ளிருந்து வரும் மழைநீர் தள்ளினால் திறக்கும். ஆறு ஏறினால் ஆற்றின் அழுத்தமே அதை அறைந்து மூடிவிடும். மின்சாரமும் ஆளும் தேவையில்லை என்பதால் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு. வடிகாலில் வரும் தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் பாட்டில், கிழிந்த மெத்தை ஏதாவது ஒன்று தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் அகலத் தட்டில் வெறும் 5 சென்டிமீட்டர் இடைவெளி. வெளியே ஆறு ஒரு மீட்டர் உயரமாக நிற்கிறது. அந்த இடுக்கு வழியே நொடிக்கு 130 லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். ஒரு மணி நேரத்தில் 4.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் 40 லாரி, ஒரு தேங்காய் ஓட்டினால்.

எனவே தட்டு ஒன்று போதாது. ஆற்று முனையில் ஃப்ளாப், அதற்குப் பின்னால் கரையின் மேல் ஓர் அறை கட்டி, அதில் கைச்சக்கரம் சுற்றி இறக்கும் திருகு ஷட்டர், அதற்கும் தெருப்பக்கமாக வடிகாலுக்குள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பித் தடுப்பு என்று மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். கம்பித் தடுப்பு வைத்தால் குப்பையை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வாராவிட்டால் அதுவே வடிகாலை அடைத்துவிடும். திருகு ஷட்டரின் சக்கரம் வெள்ள மட்டத்துக்கு மேலே, மழையில் ஆள் நடந்து போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கரைச் சரிவிலேயே பொருத்தினால் தேவைப்படும் நாளில் அது தண்ணீருக்குள் இருக்கும். வாயின் அடிமட்டம் கோடைக்கால ஆற்றுப் படுகையிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சேறு ஏறித் தட்டு திறக்கவே திறக்காது, அப்போது மழைநீர் தெருவில்தான் நிற்கும். கழிவுநீர் வாயுவும் முகத்துவாரத்துப் பக்கம் உப்புக்காற்றும் சாதாரண இரும்புக் கீலை அரித்துவிடும். கீலுக்கும் ஊசிக்கும் துருப்பிடிக்காத எஃகு போட்டால் கூடுதல் செலவு சொற்பம். ஓரத்து ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகிவிடும், அதை அவ்வப்போது மாற்றியாக வேண்டும்.

சரி, வாயை அடைத்துவிட்டோம். இப்போது உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? சுவர் கேட்பவர்களும் கட்டுபவர்களும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. சராசரியாக மணிக்கு 2 சென்டிமீட்டர். கொஞ்சம் கூட்டி, மணிக்கு 2.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவருக்குள் அடைபட்ட பகுதி 40 ஏக்கர், அதாவது 16 ஹெக்டேர். விழுவதில் முக்கால் பங்கு வடிகாலுக்கு வந்தால் மணிக்கு 30 லட்சம் லிட்டர், நொடிக்கு 830 லிட்டர் சொச்சம், ஏறக்குறைய 29 கன அடி. இதை மொத்தம் 5 மீட்டர் தூக்கிச் சுவருக்கு அப்பால் விட, ஒவ்வொன்றும் 50 குதிரைத்திறனில் இரண்டு பம்புகள் ஓட வேண்டும். மூன்றாவது ஒன்று மாற்றாக நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று ஓடாது என்றே எண்ணித் திட்டமிடுவது நல்லது.

மோட்டார் பம்பை மட்டும் நம்பக்கூடாது. தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியம் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே டீசல் இன்ஜின். 50 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். இரண்டு இன்ஜின், இரண்டு நாள் என்றால் 200 லிட்டர் பேரலில் ஐந்து. தெருக்கள் மூழ்கிய பிறகு டீசல் லாரி வராது. பேரல்கள் முன்னமே மேடான இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் மேடை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பம்பின் வெளியேற்றுக் குழாயைச் சுவரைத் துளைத்து விடாமல், மேலே வளைத்து, வளைவின் உச்சியில் ஒரு காற்று வால்வோடு ஆற்றுக்குள் இறக்குங்கள். வால்வு இல்லாவிட்டால் பம்பு நின்றதும் அதே குழாய் ஆற்று நீரை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும்.

இனி சுவர். அடையாற்றின் கரை பல இடங்களில் இயற்கை மண் அல்ல, காலங்காலமாகக் கொட்டிய கட்டட இடிபாடு. செங்கல் ஜல்லிக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் போகும். இதன்மேல் சுவரை உட்கார வைத்தால் மேலே அசையாமல் நிற்கும், அடியில் ஒழுகும். முதலில் சுவருக்குப் பின்னால் தெருப்பக்கம் சின்னச் சின்ன ஊற்றுகள் தெரியும். வருவது தெளிந்த நீர் என்றால் பயமில்லை. கலங்கலாக, மணலோடு வந்தால் சுவரின் அடிமண் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஊற்றை மூட்டை வைத்து அழுத்தி அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிட வேண்டும். ஏறும் நீரின் கனம் ஊற்றின் வேகத்தைத் தணிக்கும். நிரந்தரத் தீர்வு, இடிபாட்டைத் தாண்டிக் களிமண் வரை இறங்கும் தடுப்பு. கான்கிரீட்டோ எஃகுத் தகடோ, மண்ணைத் துளையிட்டுப் பார்த்து ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். அளவை எல்லா இடத்துக்கும் ஒன்றாக எழுதிய மதிப்பீட்டைப் பார்த்தாலே சந்தேகப்படலாம்.

சுவர் வெயிலில் விரிய இடம் வேண்டும் என்று 10, 12 மீட்டருக்கு ஓர் இடைவெளி, அதாவது விரிவு இணைப்பு, விடுவார்கள். அதற்குள் தண்ணீரைத் தடுக்கும் பட்டை இல்லையென்றால் ஒவ்வோர் இணைப்பும் ஒரு குழாய். பின்மண்ணின் ஈரம் வெளியேறச் சுவரில் விடும் துளைகள் ஆறு ஏறும்போது எதிர்த்திசையில் வேலை செய்யும். அவற்றுக்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி இல்லாவிட்டால் மண் கரையும். தரைக்கு மேல் நிற்கும் பகுதியில் அப்படி ஒரு துளைகூட இருக்கக் கூடாது. படித்துறைக்கும் கோயிலுக்கும் வழி விட்ட இடங்களில் பலகை இறக்க இரு பக்கமும் காடி வைத்துவிட்டுப் பலகையை யாரிடம் கொடுத்தார்கள் என்பது பிறகு யாருக்கும் தெரிவதில்லை. பலகை அந்த இடத்திலேயே பூட்டி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு கரையில் மட்டும் சுவரை உயர்த்தினால் எதிர்க்கரைக்குத் தண்ணீரைத் தள்ளுகிறோம். ஈக்காட்டுத்தாங்கலைக் காப்பாற்றி ஜாபர்கான்பேட்டையை மூழ்கடிப்பது வெள்ளத்தடுப்பு ஆகாது. இரு கரையிலும் உயர்த்தினால் ஆறு படர இடமின்றி மட்டம் கூடும். பாலங்களின் அடியில் அதன் விளைவு தெரியும். 2015இல் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியிருந்ததை நினைவில் வைத்து, சுவரின் உயரத்தைப் பாலத்துக்குப் பாலம் கணக்கிட வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் போல இடம் இருக்கும் மேற்பகுதியில் சுவரைவிட மண்கரைதான் நல்லது, மலிவும்கூட. ஆனால் தூர்வாரிய சேற்றை ஜேசிபி வாரிக் கரைமேல் கொட்டி, வாளியால் தட்டிவிட்டு, 'கரை பலப்படுத்தப்பட்டது' என்று பலகை வைப்பது கரை அல்ல. முதல் மழையில் அதில் வாய்க்கால் விழும், மிச்சம் ஆற்றுக்கே திரும்பும். புல்லும் வேரும் நீக்கி, அடிமண்ணைக் கொத்திவிட்டு, களி கலந்த மண்ணை 20–25 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் அடர்த்தி சோதித்துத்தான் மேலே போக வேண்டும். சரிவு ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி அகலம். உச்சி அகலம் 4 மீட்டராவது இருந்தால்தான் ஆபத்து நேரத்தில் மூட்டை ஏற்றிய லாரி போகும். குழாய் எதையும் கரைக்குள் புதைக்கக் கூடாது. குழாயை ஒட்டிய மண் ஒருபோதும் சரியாக இறுகுவதில்லை, உடைப்பு அங்கேதான் தொடங்கும்.

ஆற்றின் மேற்பகுதியில் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015இல் அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறக்கப்பட்டதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மழைக்காலத்தில் ஏரியை 22 அடியில் நிறுத்தினால் மேலே உள்ள 2 அடியில் ஏறக்குறைய 500 மில்லியன் கன அடி பிடிக்கும். நொடிக்கு 11,500 கன அடி வரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு சொட்டு விடாமல் தாங்கும் இடம் அது. கோடையில் குடிநீருக்கு ஏங்கும் ஊரில் அந்த 2 அடியைக் காலியாக வைப்பது எளிய முடிவல்ல என்பதும் தெரியும். ஆனாலும் செம்பரம்பாக்கம் ஒன்றே அடையாறு அல்ல. மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, கலங்கல் என்னும் கதவில்லாத உபரிநீர்ப் போக்கு வழியே வழியும் நீர் திருநீர்மலைப் பக்கம் செம்பரம்பாக்கத்து நீரோடு சேர்கிறது. கலங்கலுக்குச் சாவி கிடையாது. கீழே இருக்கும் நமக்குக் காப்பு வடிகால் வாயில்தான் இருக்கிறது.

முகத்துவாரத்தில் சேரும் மணல்திட்டை வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெட்டிவிட வேண்டும். கடல் ஏற்றம் கோட்டூர்புரம் வரை தெரியும் என்பதால் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கீழ்ப்பகுதிப் பம்புகளுக்கு வேலை அதிகம்.

வீட்டுக்குள் ஒரு விஷயம். தெரு காய்ந்திருக்கும்போதே கழிப்பறைக் கோப்பை வழியாகத் தண்ணீர் மேலே வருவதுண்டு. ஆற்று நீர் கழிவுநீர்க் குழாயில் புகுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். வீட்டு ஆய்வுத் தொட்டியில், தெருக் குழாய்க்குப் போகும் வாயில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதும். திறந்து கழுவும்படியான மூடி உள்ளதாக வாங்குங்கள். வால்வு மூடியிருக்கும் வரை வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது போக வழியின்றி நம் தரையிலேயே தேங்கும். மின் மீட்டர் பெட்டியை 2015 வெள்ளக்கறைக்கு மேலே ஏற்றுவதும் கையோடு செய்ய வேண்டியது.

வடிகால் மாநகராட்சியுடையது, கரை நீர்வளத் துறையுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. ஃப்ளாப் ஷட்டர் முதல் இரண்டுக்கும் எல்லைக் கல் மாதிரி நடுவில் தொங்குகிறது. ஆகவே நாங்கள் கேட்பது சுவருக்கான அறிவிப்பு அல்ல, ஒரு பட்டியல். திருநீர்மலையிலிருந்து முகத்துவாரம் வரை இரு கரையிலும் உள்ள ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் ஓர் எண் கொடுத்து, வாயின் மட்டம், அது வடிக்கும் தெருக்கள், ஷட்டர் உண்டா, சாவி யாரிடம் என்று எழுதி வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். எண்ணைக் கரையிலும் பெயின்ட்டில் எழுதட்டும். ஏரி திறப்பு எச்சரிக்கையைக் கன அடியில் சொல்வதோடு நிறுத்தாமல், "எண் 17, 18 மூடப்படும், இந்தந்தத் தெருவில் பம்பு ஓடும்" என்று சொல்லட்டும். செப்டம்பரில் ஒரு நாள் எல்லா ஷட்டரையும் இறக்கி, பின்னால் லாரித் தண்ணீர் ஊற்றி, பம்பை இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். எந்தச் சக்கரம் சுற்றவில்லை, எந்த இன்ஜின் கிளம்பவில்லை என்பது அன்றைக்கே தெரிந்தால், பழுது பார்க்கப் பருவமழைக்கு முன் மூன்று வாரமாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர்,
சைதாப்பேட்டை, சென்னை – 15