பண்டரிபாய் குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பழைய படங்கள் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே யாவரும் நலம். நடிகை பண்டரிபாயைப் பற்றி, ‘நாயகியாக வந்தவரைக் காலமெல்லாம் அம்மாவாக்கி அழவைத்துவிட்டார்கள், பாவம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். தங்கள் இரக்கத்தில் பாதியை மட்டுமே என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

அவர் வடகன்னடக் கடற்கரையில் உள்ள பட்கலில் பிறந்தவர். பாட்டும் பேச்சுமாகப் புராணக் கதை சொல்லும் ஹரிகதை மேடையில் பழகி, 1943-இல் ‘வாணி’ என்ற கன்னடப் படத்தின் மூலம் திரைக்கு வந்தார். ஹரிகதையில் கதை சொல்பவர் விடும் இடத்தில் பின்பாட்டுக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டும்; அதற்கு முன்னதாக ஒரு சொல்லும் விடாமல் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் அவருக்குத் திரையிலும் கைகொடுத்தது என்பது என் ஊகம். ஏனெனில், எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்த நடிகையர் நம் படங்களில் மிகக் குறைவு. தன் முறை வரும்வரை பொம்மைபோல் நின்றுவிட்டு, வந்ததும் பொரிந்து தள்ளுவதுதான் அன்றைய வழக்கமாக இருந்தது.

1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யை நாம் இருவரும் எத்தனையோ முறை பேசித் தீர்த்திருக்கிறோம். ஆனால் சிவாஜியையும் கலைஞரின் வசனத்தையும் தாண்டி, பண்டரிபாய் நடித்த விமலாவைப் பற்றி ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா? பட்ட துன்பத்தையெல்லாம் நாயகன் குணசேகரன் கொட்டித் தீர்க்கும்போது, அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தில் பரிவும் ஐயமும் மாறி மாறி வந்துபோவதால்தான், அடுக்குமொழி மேடைப்பேச்சாகிவிடாமல் இரண்டு பேருக்கிடையே நடக்கும் பேச்சாக நிற்கிறது. சிவாஜியின் முதல் படத்தில் அவருக்கு இணை இவர். இரண்டே ஆண்டுகளில், ராஜ்குமார் நாயகனாக அறிமுகமான ‘பேடர கண்ணப்பா’விலும் இவரே இணை. தமிழுக்கும் கன்னடத்துக்கும் தலைமகனாக விளங்கிய இருவருக்கும் முதல் நாயகி ஒருவரே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அதே 1954-இல்தான் ‘அந்த நாள்’ வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. அழுவதற்கும் மயங்குவதற்கும் பாட்டின் துணை கிடைக்காத படத்தில், உஷா என்ற மனைவியின் பாரம் முழுவதையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. ஜப்பானியருக்கு உளவு சொல்லும் வானொலிப் பொறியாளன் ராஜனைக் கல்லூரி நாளிலிருந்தே நேசித்தவள். நாட்டையும் அதற்குக் குறையாமல் நேசிப்பவள். கணவன் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிய விசாரணை நெடுகிலும், துக்கம் காக்கும் கைம்பெண்ணாக அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தை மறுமுறை பார்க்கும்போது கவனியுங்கள். குண்டு பாய்ந்தது அவள் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்துதான் என்பது தெரிந்து பார்த்தால், அந்த அடக்கத்துக்கு வேறொரு பொருள் வருகிறது. முதல் முறை பார்ப்பவரை ஏமாற்றாமலும், இரண்டாம் முறை பார்ப்பவரிடம் மறைக்காமலும் நடித்திருக்கிறார். இதற்கு இணையான பொறுப்பைப் பிறகு தமிழ்ப் படவுலகம் அவருக்குத் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தங்கள் ஆதங்கத்தில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்.

அதன்பின் தாய், தமக்கை வேடங்கள் வரிசையாக வந்தன. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) எம்.ஜி.ஆருக்கு அக்கா, ‘தெய்வத்தாய்’ (1964), ‘குடியிருந்த கோயில்’ (1968) ஆகியவற்றில் அவருக்கே தாய். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917-இல், இந்தத் தாய் பிறந்தது அதற்குப் பத்தாண்டுக்கும் பின்னால். நாயகனுக்கு வயது ஏறாது, நாயகிக்கு மட்டும் இரட்டிப்பாக ஏறும் என்பது நம் சினிமாவின் கணக்கு. அதில் நியாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வேடங்களை அவர் வேண்டாவெறுப்பாகச் செய்ததாக ஒரு காட்சியிலும் நான் கண்டதில்லை.

‘கௌரவம்’ (1973) ஒன்றே இதற்குப் போதும். பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்ற பாத்திரமும் சிவாஜி, அவர் வளர்த்த கண்ணனும் சிவாஜி. இரண்டு சிவாஜிகளும் கர்ஜிக்கும் வீட்டில், ஒருவருக்கு மனைவியாகவும் மற்றவருக்கு வளர்ப்புத் தாயாகவும் பண்டரிபாயின் செல்லம்மா நடுவில் நிற்கிறாள். யார் பக்கம் பேசினாலும் மற்றவருக்குத் துரோகமாகிவிடும் என்ற நிலையை, வசனத்தை நம்பாமல், யார் வந்தாலும் எழுந்து நிற்கும் தயக்கத்திலேயே காட்டிவிடுகிறார். பாரிஸ்டரின் ஆணவத்தை நாம் வெறுக்காமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த அம்மாள் அவரை வெறுக்காமல் இருப்பதுதான். இது சிவாஜி ரசிகரான தங்களுக்கு உவப்பாக இராது என்று தெரியும், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பிள்ளைகளின் தலைமுறைக்கு அவர் ‘மன்னன்’ (1992) படத்தில் ரஜினியின் தாய். ‘அம்மா என்றழைக்காத’ பாட்டில் அவர் வாயசைப்பது இல்லை. ஏசுதாஸ் பாட, இளையராஜாவின் இசை ஓட, நடமாட முடியாத தாயாக மகனுடைய பணிவிடையை ஏற்றுக்கொள்வது மட்டுமே வேலை. பெற்றுக்கொள்வதை நடித்துக் காட்டுவது கொடுப்பதைவிடக் கடினம். சற்றே கூசி, சற்றே பெருமைப்பட்டு அவர் அதைச் செய்திருப்பதால்தான் அந்தப் பாட்டு வெறும் உபதேசமாகிவிடவில்லை.

பிற்காலத்தில் விபத்தொன்றில் ஒரு கையை இழந்தார். 2003 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மன்னன்’ படத்துக்கு மூலமான ‘அனுராக அரளிது’ (1986) கன்னடப் படத்திலும் அதே தாய் வேடம் அவருக்குத்தான். அங்கே மகன், 32 ஆண்டுகளுக்கு முன் அவருடன் ஜோடியாக நடித்த ராஜ்குமார். பெங்களூரிலேயே இருக்கும் தாங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்னாள் ஜோடியிடம் தாயாகப் பேசும்போது அவர் குரலில் ஏதாவது வேறுபாடு தெரிகிறதா, அல்லது ரஜினியிடம் இருந்ததைப் போலவே இருக்கிறாரா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்